இரண்டு இருபத்தைந்துக்கு மதகைத் திறந்தது யார்?

அத்தியாயம் 6

முடிந்துபோன கேஸுக்குத் துப்பறிய ஒருவன் ஆள் கூப்பிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கூப்பிட்டவனைத்தான் என்பாள் மலர்க்கொடி. காசிக்கு அப்படிப்பட்ட கொள்கையெல்லாம் கிடையாது. கூப்பிட்டவன் நாஷ்டா வாங்கித் தருவானா மாட்டானா, அது ஒன்றுதான் அவன் கேள்வி.

ஆனைப்பள்ளம் ஏரிப் பாசன சங்கத்து வாசலில் அவர்கள் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சனிக்கிழமை காலை ஒன்பது மணி. மலர்க்கொடி பதினாறு வருடம் போலீஸில் இருந்தவள். மேலதிகாரியிடம் 'இது தப்பு சார்' என்று ஒரு தடவை அதிகமாகச் சொல்லிவிட்டதால் வெளியே வந்து, செங்கல்பட்டில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். காசி அவளுடைய அசிஸ்டென்ட். அதற்கு முன்னால் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பயணிகளுக்கு எதிர்ப்பேச்சுப் பேசியே வேலையைத் தொலைத்தவன். வேலை போனதே தவிர வாய் போகவில்லை.

"வாங்கம்மா, குந்துங்க" என்றார் சங்கத் தலைவர் முனிரத்தினம். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, பேச்சுக்குப் பேச்சு ஒரு கும்பிடு. "கேஸ்னு ஒண்ணும் பெருசா இல்ல. எந்திரமே சொல்லிடுச்சி. நீங்க பாத்துட்டு, ஆமான்னு ஒரு ரிப்போர்ட்டு எழுதிக் குடுத்தா போதும். நாத்து போன காலனி ஜனங்க கலெக்டராண்ட மனு குடுக்கறோம்னு பேஜார் பண்ணிக்கினு கீறாங்க. வெளியாளு ஒருத்தர் எழுதிக் குடுத்தா வாய அடைச்சிடலாம்."

விஷயம் இதுதான். புதன்கிழமை ஆயுத பூஜை. வியாழக்கிழமை விஜயதசமி. அன்று மத்தியானம் வயலுக்குப் போனவர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். பெரிய மதகுக்குக் கீழே இருபது குடும்பம் விட்டிருந்த சம்பா நாற்றங்கால் அத்தனையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. எவனோ மதகைத் திறந்து, தண்ணீரை விட்டு, திரும்ப மூடியும் வைத்திருந்தான்.

அந்த மதகின் ஷட்டரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி உண்டு. பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் செய்து மாட்டியது. ஷட்டர் எப்போது ஏறினாலும் இறங்கினாலும் அந்த மணியை எழுதி வைத்துக்கொள்ளும். தேதி எழுதாது, மணி மட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கழற்றி, உத்திரமேரூர் பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய், நாலு பேர் முன்னிலையில் பிரிண்ட் எடுத்தார்கள். திறந்தது 02:25. மூடியது 04:20.

"ராத்திரி ரெண்டு இருவத்தஞ்சு!" என்று தாளைத் தட்டினார் முனிரத்தினம். "அந்நேரத்துக்கு ஏரிக்கரைல யாரு கீறா? சிட்டம்மா ஒருத்திதான். ஏரித் தண்ணியத் தொறந்து மூடி பங்கு வுடற நீர்க்கட்டி அவதான். மதகாண்டயே குடிசை. ஷட்டரத் திருகுற ஹேண்டிலும் அவ கைல. இன்னிக்கு நாலு மணிக்குக் கூட்டம். அவள நீக்கிட்டு, வேதகிரியோட மச்சான நீர்க்கட்டியா போடறோம். அப்பறம் போலீஸு."

"வேதகிரி யாரு?"

"மீன் குத்தகை எடுத்துக் கீறாரே, அவருதான்."

மலர்க்கொடி தாளை மடித்தபடியே வாங்கி வைத்துக்கொண்டாள். "ஹேண்டில் ஒண்ணுதானா?"

"ரெண்டு. இன்னொண்ணு இந்த பீரோவுல." முனிரத்தினம் இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தே காட்டினார். "பூஜைக்கு வெச்சி, பொட்டு இட்டதும் பூட்டுனது. அதுக்கப்பறம் இப்பதான் தொறக்கறேன். பாருங்க, பொட்டு கூட கலையல."

காசி எட்டிப் பார்த்தான். இரும்புக் கைப்பிடியில் மூன்று பொட்டும் வரிசையாக, பளிச்சென்று இருந்தன. பீரோக் கதவிலும் மூன்று. வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரிலும் மூன்று. மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டி, கடப்பாரையில் எல்லாம் கட்டை விரலால் அப்பிய மாதிரி ஒரே ஒரு பெரிய சந்தனப் பொட்டு. அங்கே பெருக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாள் பெருமையோடு சொன்னாள்: "ஆபீஸ் சாமானுக்கெல்லாம் நான்தாம்பா பொட்டு வெச்சேன். ஒண்ணு வுடல."

"பெட்டியும் பூஜைல இருந்துச்சா?" என்றாள் மலர்க்கொடி.

"பின்ன? அதுவும் ஆயுதம்தான? கழட்டாம மதகுலயே வெச்சி பூஜை போட்டேன், ராத்திரி பூரா அங்கதான் இருந்துச்சி. வியாழக்கெழம காலைல ஏழரைக்கு நல்ல நேரம் பாத்து, நானே போய் கற்பூரம் காட்டுனேன். சிட்டம்மாவும் கூட இருந்தா." இன்னொரு கும்பிடு போட்டார். "நான் புதன் ராத்திரி ஊர்லயே இல்லம்மா. காஞ்சிபுரத்துல மச்சான் வூட்ல. பத்து பேர் சாட்சி. காலைல ஆறு மணிக்குத்தான் வந்தேன்."

வெளியே வந்ததும் காசி மூச்சு விட்டான். "கேஸ் குளோஸ் மேடம். மெஷினு சொல்லுது, ஊரு சொல்லுது, தலைவரு சொல்றாரு. நாம போய் ரெண்டு இட்லி சொல்லலாமா?"

"புதன் ராத்திரி எங்க இருந்தீங்கன்னு நான் கேட்டனா காசி?"

காசி யோசித்தான். "கேக்கல."

"கேக்காத கேள்விக்குப் பத்து சாட்சியோட பதில் வெச்சிருக்காரு. நட, மதகுக்கு."

சிட்டம்மாளுக்கு முப்பது வயது இருக்கும். புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு அவன் பார்த்த நீர்க்கட்டி வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். பொம்பளை மதகு திறப்பதா என்று முணுமுணுத்த ஊர், தண்ணீர் பங்கில் அவள் ஒரு நாள்கூடத் தப்புப் பண்ணாததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. இப்போது அதே வாய் திறந்திருந்தது. குடிசை வாசலில் ஐந்து வயது காவியா புது சிலேட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் தொறக்கலம்மா. என் புள்ள மேல சத்தியமா தொறக்கல. இந்த வேல போச்சின்னா குடிசையும் போச்சி. இது சங்கத்து எடம். இவள எங்க இட்டுக்கினு போவேன்?" சிட்டம்மாளுக்கு அழுகை வரவில்லை. அழுது முடித்திருந்தாள்.

காசியின் கண் கதவோரம் சாத்தியிருந்த ஹேண்டிலில் விழுந்தது. சந்தனப் பொட்டு தேய்ந்து, சாயம் மட்டும் மிச்சம். பாவமாக இருக்கிறாளே என்று நினைத்தால் இப்படியா மாட்டிக்கொள்வது?

"இன்னாம்மா, பூஜை போட்ட பொட்டு அழிஞ்சி கீது? யாரோ புடிச்சித் திருகுனாப்பல?"

"திருகுனாங்கதான்! வியாழக்கெழம சாயங்காலம் பாசன ஆபீஸ்லேர்ந்து ஒரு ஆளு வந்து, ஷட்டர் ஒழுங்கா வேல செய்யுதான்னு இதாலதான் தொறந்து மூடுனாரு. ஊரே நின்னு பாத்துச்சி. ரிப்போர்ட்டுகூட எழுதி, என் ரேகை வாங்கிக்கினு, ஒரு காப்பி குடுத்தாரு." அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மலர்க்கொடி அதைப் படித்துவிட்டு மற்ற தாளோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"வேதகிரி உன்னாண்ட ஏதாவது கேட்டாரா?"

"மூணு வாட்டி கேட்டான். மழைக்கு முந்தி ஏரிய வத்த வுடு, மீனு புடிக்கணும்னு. நாத்து வுட்டுக் கீறாங்கோ, சொட்டுத் தண்ணி குடுக்க மாட்டேன்னுட்டேன். நீ எத்தினி நாளைக்கு நீர்க்கட்டியா இருக்கறன்னு பாக்கறேன்னான்."

"வியாழக்கெழம காலைல நீ எங்க இருந்த?"

"தலைவரு பொட்டிக்குக் கற்பூரம் காட்டிட்டுப் போனதும் எட்டரை பஸ்ஸுக்கு உத்திரமேரூர் போயிட்டேன். விஜயதசமி ஆச்சே, புள்ளைய ஸ்கூல்ல சேக்க. அரிசில எழுத வெச்சாங்கோ. வர்றதுக்கு ஒரு மணி ஆயிடிச்சி. அப்பவே ஊரு கூடி என்ன வையுது. ஆனா காலைல எங்க இருந்தா இன்னாம்மா? அவங்க கேக்கறது ராத்திரிய."

"வயல்ல அன்னிக்குக் காலைல யாருமே இல்லையா?"

"யாரு இருப்பாங்க? பூஜை போட்ட மம்புட்டிய விஜயதசமி அன்னிக்கு உச்சி சாய்ற வரைக்கும் இந்த ஊர்ல யாரும் தொட மாட்டாங்க. கழனி பக்கமே வர மாட்டாங்க."

மலர்க்கொடி சட்டென்று நின்றாள். "அப்ப இந்த ஊர்ல விஜயதசமி காலையும் நடு ராத்திரியும் ஒண்ணுதான்" என்றாள் மெதுவாக.

சங்கத்துக்குத் திரும்பிப் பெட்டியைக் கேட்டபோது முனிரத்தினத்தின் முகத்தில் முதல் தடவையாகக் கும்பிடு காணாமல் போனது. 'அதெல்லாம் எதுக்கும்மா' என்று இழுத்தார். "பாக்காம ரிப்போர்ட்டுல எப்படிங்க கையெழுத்து?" என்று காசி கேட்டதும் கொடுத்துவிட்டார்.

உத்திரமேரூர் பிரவுசிங் சென்டரில் நாலே நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன், ஷீபா. வாத்தியாரிடம் படித்த பெண். வாரா வாரம் அவர் பெட்டியைக் கொண்டு வந்தால் இவள்தான் பிரிண்ட் எடுப்பாள். வாத்தியார் இப்போது கோயம்புத்தூரில்; வந்து சேரப் பத்து நாள் ஆகும். ஷீபா மூடியைத் திறந்தாள். உள்ளே மூன்று செல், ஒரு சின்னப் பச்சைப் பலகை, அதில் பல்லைக் காட்டுகிற மாதிரி மூன்று ஊசி. இரண்டு ஊசியைச் சேர்த்து மிளகு அளவில் ஒரு கறுப்புத் தொப்பி.

"இந்தத் தொப்பி எடப்பக்கம் இருந்தா பெட்டி செல்லுல ஓடும் மேடம். மதகுல அப்டித்தான். இங்க வந்ததும் வலப்பக்கம் மாத்திடணும், அப்ப கம்ப்யூட்டர் ஒயர்ல வர்ற கரண்ட்ல ஓடும். ரெண்டையும் ஒண்ணா குடுத்தா கருகிடும்னு சார் சொல்லுவாரு."

"எடத்துலேர்ந்து உருவி வலத்துல போடறதுக்குள்ள?"

"அந்த நேரம் ரெண்டு கரண்ட்டும் இல்ல."

தொப்பியை மாற்றி ஒயரைச் செருகினாள். திரையில் பெட்டியின் மணி வந்தது. 00:00.

காசி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பதினொன்ற ஆவுது. இது ராத்திரி பன்னண்டுன்னுது. இன்னாம்மா, பெட்டி தூங்கி எழுந்துச்சா?"

"அப்டித்தான் சார். செல்லு மாத்துனா டிஜிட்டல் கடிகாரம் பன்னண்டு காட்டுதில்ல? அதேதான். எழுதினது அழியாது. ஆனா ஒரு தடவ கரண்ட் போச்சின்னா மணி பூஜ்யத்துலேர்ந்து ஓடும். சார் இருந்தா உடனே சரி பண்ணுவாரு. மறந்துடக் கூடாதுன்னு மூடிக்குள்ள ஒரு சீட்டே எழுதி ஒட்டியிருந்தாரே..." ஷீபா மூடியைத் திருப்பினாள். சீட்டு இல்லை. நாலு மூலையிலும் செல்லோடேப் பிசுக்கு மட்டும் இருந்தது. "போன வாரம் இருந்துச்சு மேடம். வியாழக்கெழம நான் கவனிக்கல. தலைவர் ஐயாதான் பிரிண்ட் மட்டும் போதும்னு அவசரப்படுத்துனாரு."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்த வருடம் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்தால்தான் ஆச்சரியம். யூ.பி.எஸ். நாலு தடவை கத்திவிட்டு உயிரை விட்டது. பெட்டிக்குள் மினுக்கிக்கொண்டிருந்த சிவப்பு விளக்கும் அணைந்தது.

"தலைவரு பூஜைல கூட இப்டித்தான் அணைஞ்சிருக்கும்" என்றான் காசி. "ஆனா மேடம், எப்ப அணைஞ்சுது, எப்ப எழுந்துச்சின்னு நமக்கு யாரு சொல்லுவா? பெட்டிக்கு வாயா கீது?"

மலர்க்கொடி வாசல் படியில் உட்கார்ந்து இரண்டு தாளையும் விரித்தாள். "இந்தப் பிரிண்ட்ல எத்தன வரி இருக்கு?"

"ரெண்டு. ரெண்டு இருவத்தஞ்சு, நாலு இருவது..." காசி மடிப்பை விரித்தான். "அடச்சே! கீழ இன்னும் ரெண்டு கீது. எட்டு நாப்பதுக்குத் தொறந்து, எட்டு நாப்பத்தி மூணுக்கு மூடியிருக்கு."

"வேண்டியது கெடச்சதும் மீதியப் படிக்காம மடிச்சு வெச்சுட்டாங்க. சரி, அந்த ரெண்டு வரிக்கு மதகத் தொறந்தது யாரு?"

காசி பாசன ஆபீஸ் தாளைப் படித்தான். 'வியாழன் மாலை 4.10 மணிக்கு ஷட்டர் இயக்கிப் பார்க்கப்பட்டது.' நாலு பத்து என்றால் பெட்டி 16:10 என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்? எழுதியிருப்பது 08:40.

"மேடம்! இது பஸ்ஸு கணக்கு! ஒரு ஸ்டாப்புல வண்டி ஏழரை மணி நேரம் லேட்டுன்னா, வழில நிக்காத வண்டி எல்லா ஸ்டாப்புலயும் ஏழரை மணி நேரம் லேட்டுதான்!" விரல் விட்டு எண்ணினான். "ரெண்டு இருவத்தஞ்சோட ஏழரை... ஒம்போது அம்பத்தஞ்சு. நாலு இருவதோட ஏழரை... பன்னண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கச்சொல்ல. ராத்திரியே இல்ல மேடம். வியாழக்கெழம பட்டப்பகல்!"

"பெட்டி பூஜ்யத்துல எழுந்தது?"

"காலைல ஏழரை." காசி தொடையைத் தட்டிக்கொண்டான். "சிட்டம்மாவுக்கு ஏழரை புடிச்சிருக்குன்னு ஊர்ல பேசிக்கறாங்களே, நெசமாவே ஏழரைதான். அதுக்கு வெள்ளைச் சட்டை வேற."

"நடுவுல ஸ்கூலுக்கு ஒரு நட போயிட்டு வந்துடலாம்" என்று எழுந்தாள் மலர்க்கொடி.

நாலு மணிக் கூட்டத்தில் சங்கத்துக் கொட்டகை நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் மீன் குத்தகைக்காரர் வேதகிரி, பக்கத்தில் புது வேட்டியில் அவர் மச்சான். கடைசியில், தூணோரம், காவியாவின் கையைப் பிடித்தபடி சிட்டம்மாள். யாரும் அவள் பக்கத்தில் நிற்கவில்லை.

மலர்க்கொடி எழுந்து, பெட்டி, பிரிண்ட், பாசன ஆபீஸ் தாள் மூன்றையும் மேஜையில் வைத்துக் கணக்கைச் சொன்னாள். புரியாதவர்களுக்குக் காசி பஸ்ஸை ஓட்டிக் காட்டினான். "ஒம்போது அம்பத்தஞ்சுக்கு சிட்டம்மா உத்திரமேரூர்ல பொண்ண அரிசில எழுத வெச்சிக்கினு இருந்தாங்க. தாயாரம்மா டீச்சர் நோட்டுல பதினோராவது பேரு காவியா. பக்கத்துல அம்மா ரேகை" என்று முடித்தான். கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. சிட்டம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

முனிரத்தினம் சுதாரித்துக்கொண்டார். "அடடா, என் தப்புதாம்மா! பூஜைல எந்திரம் ஓடலாமா? ஓய்வு குடுக்கணும்னு அந்தத் தொப்பிய உருவி வெச்சேன், காலைல போட்டேன். மணி இப்டி மாறும்னு எனக்கு இன்னா தெரியும்? சிட்டம்மா, மனசுல வெச்சிக்காத. அப்ப வேற எவனோ தொறந்திருக்கான்."

நல்ல பதில். காசிக்கே ஒரு கணம் நம்பத் தோன்றியது. எழுபது தலை ஆடியது.

"மணி மாறும்னு மூடிக்குள்ள ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சே, அத யாரு எடுத்தது?" என்றாள் மலர்க்கொடி.

"வுழுந்திருக்கும்."

"இருக்கலாம். அந்த பீரோவத் தொறங்க."

முனிரத்தினம் இடுப்புச் சாவியை எடுத்துத் திறந்தார். இரண்டாவது ஹேண்டிலை மலர்க்கொடி தூக்கிக் காட்டினாள். "பச்சையம்மா, இதுக்குப் பொட்டு வெச்சது நீங்கதான?"

பச்சையம்மாள் கிட்டே வந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள். "நான்தான் வெச்சேன். ஆனா இது நான் வெச்சது இல்ல. நான் கட்ட வெரலால ஒண்ணே ஒண்ணுதாம்மா வெப்பேன். இது மூணு! இது தலைவர் வெக்கற பொட்டாச்சே. பீரோவப் பாரு, ஸ்கூட்டரப் பாரு!"

"பூஜை முடிஞ்சதும் பூட்டுனது, காலைல எங்களுக்குக் காட்டத்தான் தொறந்தேன்னு சொன்னீங்க" என்றாள் மலர்க்கொடி. "பூட்டுன பீரோவுக்குள்ள ஒரு பொட்டு எப்படி மூணாச்சு? கையில புடிச்சித் திருகுனா பொட்டு தேஞ்சிடும். சிட்டம்மாவோடது தேஞ்சிருக்கு, அதுக்கு ஊரே சாட்சி. இதுவும் தேஞ்சுது. ஆனா பூஜை போட்ட ஆயுதத்த வெறுமையா உள்ள வெக்க உங்களுக்கு மனசு வரல. புதுசா வெச்சீங்க, உங்க வழக்கப்படி."

முனிரத்தினத்தின் கை தன்னையறியாமல் கும்பிட எழுந்து பாதியில் நின்றது. அதற்குள் வேதகிரி எழுந்துவிட்டார். முனிரத்தினத்தைப் பார்த்துக் கத்தினார்.

"நான் இன்னா பண்ணேன்? நீ ஹேண்டிலக் குடுத்த, நான் திருகுனேன்! நாத்து அடிச்சிக்கினு போவும்னு நான் நெனைக்கவே இல்ல! ராத்திரின்னு காட்டும், அவ தலைல வுழும், நான் ராத்திரி காஞ்சிபுரத்துல இருந்துடறேன்னு நீதான நைனா சொன்ன? மீன்ல பாதி நீதான கேட்ட?"

"பஸ்ஸு கெளம்பறதுக்குள்ள டிக்கெட்டு கிழிச்சிக் குடுத்துட்டாரு" என்றான் காசி. அவனுடைய நாஷ்டாவும் அதோடு போயிற்று. கூப்பிட்டவரே குற்றவாளி என்றால் இட்லி யார் வாங்கித் தருவார்கள்? ஆனால் அன்றைக்கு அவனுக்குப் பசிக்கவில்லை.

நாற்று போன இருபது குடும்பமும் ஒரே நேரத்தில் எழுந்தது. இரண்டு பேர் வாசலை மறித்தார்கள். யாரோ போலீஸுக்குப் போன் போட்டார்கள். வேதகிரியின் மச்சான் புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் கரைந்து போனான். நேற்று வரை வைத வாய்கள் இப்போது 'சிட்டம்மா, சிட்டம்மா' என்று கூப்பிட்டன. ஒருத்தி காவியாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

சிட்டம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். நேராக மேஜைக்கு வந்து, இரண்டாவது ஹேண்டிலை எடுத்துத் தன் முந்தானையால் மூன்று பொட்டையும் அழுந்தத் துடைத்தாள். பிறகு காசியிடம் பெட்டியை நீட்டினாள்.

"நைனா, இதுல மணிய யாராண்ட குடுத்து சரி பண்றது?"

"ஷீபாவாண்ட குடுத்தா அஞ்சு நிமிஷம்மா. இன்னாத்துக்கு இவ்ளோ அவசரம்?"

"எல்லாரும் திருப்பி நாத்து வுடணும். நாளைக்கு விடியச்சொல்ல தண்ணி தொறக்கப் போறேன்." சிட்டம்மாள் கூட்டத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "நான் தொறக்கற நேரம் இதுல சரியா ஏறணும்."